தட்டின் மறுபக்கம் – 14: ஐம்பது டாலர் பாட்டு

போன வாரம் மெம்பிஸ் நகரத்தின் ‘பிக் ஸ்டார்’ கதையை எழுதியிருந்தேன். 1972இல் அவர்களுடைய முதல் தட்டு வந்தபோது பத்திரிகைக்காரர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். விமர்சனத்தைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓடியவன் வெறுங்கையோடு திரும்பினான். தட்டைக் கடைகளுக்கு அனுப்ப வேண்டிய கம்பெனிகள் அந்த வேலையைச் செய்யவில்லை. கட்டுரையைப் படித்த வாசகர் ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார்: கேட்கிறவனுடைய ஆசைக்கு இந்த வியாபாரத்தில் மதிப்பே கிடையாதா? எங்கேயாவது, ஒரே ஒரு தடவையாவது, அது கணக்கில் ஏறியதுண்டா?

ஏறியது. அதைப் பார்க்க உலக உருண்டையைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

1981இல் நியூசிலாந்தின் மக்கள்தொகை சுமார் 31 லட்சம். ஆடுகளின் தொகை ஏறக்குறைய ஏழு கோடி. அந்த ஆண்டு செப்டம்பரில் நாடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. தென்னாப்பிரிக்க ரக்பி அணியை நிறவெறிக் காலத்தில் விளையாட அழைத்தது சரியா தவறா என்று தெருவெல்லாம் அடிதடி. கடைசி ஆட்டத்தின்போது மைதானத்துக்கு மேலே ஒரு சிறு விமானம் பறந்து மாவு மூட்டைகளை வீசியது. நாட்டின் செய்தித்தாள்கள் இதைத் தவிர வேறெதையும் பேசாத அதே மாதத்தில், தேசிய விற்பனைப் பட்டியலில் பத்தொன்பதாம் இடத்தில் ஒரு பாட்டு வந்து உட்கார்ந்தது. ‘டாலி ஹோ!’ பாடியவர்கள் ‘தி க்ளீன்’. வெளியிட்ட கம்பெனி ‘ஃப்ளையிங் நன்’, அதாவது பறக்கும் கன்னியாஸ்திரி. இரண்டு பெயரையும் பட்டியல் தயாரித்தவர்களே அதற்கு முன் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம். கம்பெனி தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பாட்டைப் பதிவு செய்ய ஆன செலவு ஐம்பது நியூசிலாந்து டாலர். அறுபது என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பத்து டாலருக்காக நாம் சண்டை போட வேண்டாம்.

பாட்டு வந்த ஊர் டனீடின். தென்தீவின் தென்கிழக்குக் கரை. 1848இல் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் குடியேறிய ஊர். எடின்பரோவின் கேலிக் பெயரையே அதற்கு வைத்துக்கொண்டார்கள். 1861இல் ஒட்டகோ மலைப்பகுதியில் தங்கம் கிடைக்கவும் கொஞ்ச காலம் பணம் புரண்டது. பிறகு பணம் வடக்கே போய்விட்டது. மிஞ்சியவை கல் கட்டடங்கள், 1869இல் தொடங்கிய பல்கலைக்கழகம், அப்புறம் குளிர். பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பழைய மரவீடுகள். பலகை இடுக்கெல்லாம் காற்று புகும், அதனால் வாடகை குறைவு. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்தால் முன்னறையில் டிரம்ஸை நிறுத்திவிடலாம்.

வெளியுலகம் அங்கே தாமதமாகத்தான் வந்து சேரும். லண்டன் இசைப் பத்திரிகைகள் கப்பல் தபாலில் மாதக்கணக்கில் பயணம் செய்து வரும். தட்டுகளுக்கு 1975 முதல் 40 சதவீத விற்பனை வரி. அரசாங்கத்தின் பார்வையில் புத்தகம் பண்பாடு, இசைத்தட்டு ஆடம்பரம். அதனால் பங்க் இசை என்று ஒன்று லண்டனில் கிளம்பிவிட்டதாகப் பையன்கள் முதலில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். காதில் விழ நாளாயிற்று. இது அவர்களுக்கு நல்லதாகப் போயிற்று என்பது என் கட்சி. படித்ததை வைத்து இப்படித்தான் இருக்கும் என்று தாங்களாகக் கற்பனை செய்து வாசித்தார்கள். அசல் வந்து சேர்ந்தபோது இவர்கள் கையில் வேறொன்று உருவாகியிருந்தது.

ஹாமிஷ் கில்கோர், டேவிட் கில்கோர் என்று அண்ணன் தம்பி இருவர். அண்ணன் டிரம்ஸ், தம்பி கிதார். 1978இல் பீட்டர் கட்டரிட்ஜ் என்ற நண்பரைச் சேர்த்துக்கொண்டு பேண்ட் தொடங்கினார்கள். தொடங்கியபோது யாருக்கும் பெரிதாக வாசிக்கத் தெரியாது. கட்டரிட்ஜ் விலகினார், ஆட்கள் வந்தார்கள், போனார்கள். 1980இல் ராபர்ட் ஸ்காட் பேஸ் கிதாரோடு வந்த பிறகுதான் மூன்று பேரும் நிலையாக உட்கார்ந்தார்கள். ‘தி க்ளீன்’ என்றால் சுத்தமானவர்கள். அவர்கள் எழுப்பிய சத்தத்தில் சுத்தம் துளியும் கிடையாது. டேவிட்டின் கிதாரில் ஒன்றிரண்டு தந்திகள் ஓயாமல் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும், கையெடுக்காமல் மீட்டும் தம்புரா மாதிரி. அந்த இரைச்சலுக்கு மேலே ஒரு சின்ன மெட்டு, குழந்தைப் பாட்டளவு எளிமையாக, துள்ளிக்கொண்டு போகும். அண்ணன் டிரம்ஸில் வித்தை எதுவும் காட்ட மாட்டார். ரயில் ஓடுகிற மாதிரி ஒரே தாளம், நிற்காது. முதல் தடவை கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். மூன்றாவது தடவை நாமே கேட்டு வாங்கிப் போடுவோம்.

இனி கடைக்காரர் கதை. டனீடினுக்கு வடக்கே 360 கிலோமீட்டரில் கிறைஸ்ட்சர்ச். அங்கே ஓர் இசைத்தட்டுக் கடையில் நிர்வாகியாக இருந்தவர் ரோஜர் ஷெப்பர்டு. இருபதைத் தாண்டிய வயது. இரவானால் பேண்டுகள் வாசிக்கும் விடுதிகளுக்குப் போவார், பகலில் கல்லாவில் நிற்பார். இரண்டுக்கும் நடுவே ஒரு ஓட்டை இருப்பது அவர் கண்ணில் பட்டது. இரவில் வியர்க்க வியர்க்க ஆடிய அதே முகங்கள் மறுநாள் கடைக்கு வந்து, நேற்று வாசித்தார்களே அவர்கள் தட்டு இருக்கிறதா என்று கேட்டன. இல்லை என்று சொல்வதுதான் அவர் வேலையாக இருந்தது. பெரிய கம்பெனிகளின் உள்ளூர்க் கிளைகளுக்கு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்றதை இங்கேயும் விற்பது போதுமானதாக இருந்தது. தெற்குத் தீவின் மாணவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது அவர்கள் மேசைக்குப் போய்ச் சேராத சங்கதி. ஷெப்பர்டுக்கு அது தினசரி வியாபாரம்.

பிக் ஸ்டாருக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான். மெம்பிஸில் பாட்டை நேசித்தவனுக்கும் தட்டைக் கடைக்கு அனுப்புகிறவனுக்கும் இடையில் ஐந்தாறு அலுவலகங்கள் இருந்தன. கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு பேரும் ஒரே ஆள்.

ஷெப்பர்டு முதலில் கையிலெடுத்தது உள்ளூர் ‘பின் குரூப்’ என்ற பேண்டை. அவர்களின் சிங்கிளுக்கு ரானி வான் ஹூட் என்ற ஓவியர் பட்டுத்திரை அச்சில் உறை செய்துகொடுத்தார். இரண்டாவது வெளியீடுதான் ‘டாலி ஹோ!’ கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதிவு. அந்தப் பாட்டின் முதுகெலும்பு ஒரு ஆர்கன். திருவிழா ராட்டினத்தில் வருமே, அப்படி ஒரு கீச்சுச் சத்தம். அதை வாசித்தவர் மார்ட்டின் ஃபிலிப்ஸ், பதினெட்டு வயதுப் பையன். இன்னொரு டனீடின் பேண்டான ‘சில்ஸ்’ அவருடையது. நண்பனுக்காக வந்து வாசித்துவிட்டுப் போனார். அந்த ஆர்கன் இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பத்தொன்பதாம் இடம். கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் பட்டியலில் அவர்களுக்கு மேலும் கீழும் இருந்த வெளிநாட்டுப் பாட்டுகளுக்குப் பின்னால் விளம்பரமும் வானொலியும் இருந்தன. இவர்களை வணிக வானொலி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆக்லாந்திலும் கிறைஸ்ட்சர்ச்சிலும் மாணவர் வானொலிகள் இருந்தன. டனீடினில் அதுவும் கிடையாது, ‘ரேடியோ ஒன்’ 1984இல்தான் வந்தது. அப்படியானால் தட்டை வாங்கியது யார்? விடுதியில் முன்வரிசையில் நின்று கேட்டவர்கள். அவர்கள் அறைத்தோழர்கள். அறைத்தோழர்களின் தங்கைகள். 31 லட்சம் பேருள்ள நாட்டில் பட்டியலின் வாசற்படி அவ்வளவு தாழ்வு. அமெரிக்காவில் இதே கூட்டம் இதே ஆவலோடு வாங்கியிருந்தால் ஒரு நகரத்தின் கணக்கில்கூடத் தெரிந்திருக்காது. சின்ன நாட்டில் ஒருவன் காசு கொடுத்தால் கல்லாப்பெட்டியில் சத்தம் கேட்கிறது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்த பகுதி. அதைச் சொல்ல ‘டாய் லவ்’ கதைக்குள் ஒரு நடை போய்வர வேண்டும்.

1977இல் டனீடினில் ‘தி எனிமி’ என்ற பேண்டை நடத்தியவர் கிறிஸ் நாக்ஸ். ஊரில் முதன்முதலாகப் பங்க் வாசித்தவர்கள் அவர்கள்தான். கில்கோர் சகோதரர்கள் போன்ற பையன்கள் பார்த்துக் கெட்டுப்போனதும் அவர்களைத்தான். பிறகு நாக்ஸ் ‘டாய் லவ்’ தொடங்கினார். அதற்குப் பெரிய கம்பெனி ஒப்பந்தமே கிடைத்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போய் வசதியான ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். 1980இல் தட்டு வந்து நன்றாக விற்கவும் செய்தது. ஆனால் கேட்டுப்பார்த்த நாக்ஸுக்கு வயிறு எரிந்தது. மேடையில் கடித்துக் குதறிய பாட்டுகள் தட்டில் பல்லைப் பிடுங்கிய மாதிரி இருந்தன. பேண்ட் அந்த ஆண்டே கலைந்தது. இனிமேல் ஸ்டூடியோ வாசலையே மிதிப்பதில்லை என்ற முடிவோடு நாக்ஸ் ஒரு டீயாக் டேப் மெஷினை வாங்கினார். நான்கு தடம் கொண்டது. ஒரே நாடாவில் நான்கு வரிகள் பக்கம் பக்கமாக ஓடும். டிரம்ஸ் ஒன்றில், கிதார் ஒன்றில், குரல் ஒன்றில் என்று பிரித்துப் பதிந்துகொள்ளலாம். அதற்குமேல் வேண்டுமென்றால் இரண்டு தடங்களைக் கலந்து ஒன்றாக்கி இடம் பண்ண வேண்டும். கலந்த பிறகு பிரிக்க முடியாது, பால் காபியில் பாலை மட்டும் திரும்ப எடுக்க முடியாத மாதிரி. ஆகவே ஒவ்வொரு முடிவும் கடைசி முடிவு. வாசிக்கிறவர்களை யோசிக்கவிடாமல் வேகமாக ஓட வைக்கிற மெஷின் அது.

ஆக்லாந்தில் அந்த மெஷினை வைத்து நாக்ஸும், ஒலி அமைப்பில் கைதேர்ந்த டக் ஹூடும் ‘தி க்ளீன்’ பேண்டைப் பதிவு செய்தார்கள். ஐந்து பாட்டுகள். 1981 நவம்பரில் ‘பூடுல் பூடுல் பூடுல்’ என்று அர்த்தமில்லாத பெயரோடு, கையால் வரைந்த அட்டையோடு பன்னிரண்டு அங்குலத் தட்டு வந்தது. ‘பாயிண்ட் தட் திங் சம்வேர் எல்ஸ்’ என்ற பாட்டு அதில்தான் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும். ஏறக்குறைய ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு கிதார் உறுமுகிறது, டிரம்ஸ் விரட்டுகிறது, எங்கேயும் போய்ச் சேராமலே முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. குரல் பின்னால் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. தொழில்நுட்பம் தெரிந்த எவரும் இதில் பத்துக் குற்றம் சொல்வார்கள். மேல்சுருதி மெலிந்திருக்கிறது, அடிச்சத்தம் ஒன்றோடொன்று குழம்பியிருக்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் மேடைக்கு முன்னால் நின்றவன் கேட்டது என்னவோ அதுவே தட்டிலும் இருந்தது. அவன் காசு கொடுத்து வாங்க நினைத்ததும் அதைத்தான்.

தட்டு தேசியப் பட்டியலில் ஐந்தாம் இடம்வரை ஏறியது. ஏறியதைவிட இறங்க மறுத்ததுதான் ஆச்சரியம். அரையாண்டு அளவுக்குப் பட்டியலிலேயே கிடந்தது. விளம்பரத்தால் விற்கிற தட்டு சட்டென்று ஏறிச் சட்டென்று விழும். இது புற்று வளர்கிற மாதிரி வளர்ந்த விற்பனை.

இதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. நிரூபிக்கச் சொல்லாதீர்கள். ஒட்டகோ பல்கலைக்கழகத்தில் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் மாணவர்கள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். அங்கே கல்வியாண்டு முடிவது நவம்பரில். வெயில்கால விடுமுறைக்குப் பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிற வாரங்களில் இந்தத் தட்டு கடைக்கு வருகிறது. பையில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு ஒருவன் ஆக்லாந்துக்குப் போகிறான், ஒருத்தி வெலிங்டனுக்குப் போகிறாள், இன்னொருவன் பெயர் தெரியாத பால்பண்ணை ஊருக்கு. மூன்று மாத விடுமுறை. வீட்டில் வேறு என்ன வேலை? பக்கத்து வீட்டு நண்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவதுதான். எந்த விநியோகக் கம்பெனியும் செய்துதராத வேலையை இவர்கள் பேருந்துக் காசும் தாங்களே போட்டுச் செய்துகொடுத்தார்கள்.

போட்டுக் காட்டுவது என்றேன் அல்லவா, அதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. உலகத்துக்கே தெரிந்த பாடகரை நாம் யாருக்கும் அறிமுகம் செய்ய முடியாது. யாரும் அறியாத பேண்டின் தட்டைக் கையில் வைத்திருப்பவனுக்கு, ஊசியைத் தட்டில் வைக்கிற அந்த ஒரு கணம், தானே அந்தப் பாட்டை எழுதியது போல நெஞ்சு அடித்துக்கொள்ளும். நண்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். முகம் மலர்ந்தால் வெற்றி இவனுக்கு. மலராவிட்டால், “இரு, அடுத்த பாட்டைக் கேள்” என்பான். விற்பனைப் பிரதிநிதிக்குச் சம்பளம் கொடுத்தாலும் இந்தப் பிடிவாதம் வராது. இதே ஆள்தான் ஐந்து வருடம் கழித்து, “நான் அப்பவே கேட்டேனாக்கும்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்து எல்லோரையும் எரிச்சல்படுத்துவான் என்பதும் உண்மை. நானும் அந்தக் கோஷ்டிதான். ஒப்புக்கொள்கிறேன்.

ரசிகன், கலைஞன், பத்திரிகைக்காரன், கடைக்காரன் எல்லோரும் அந்த ஊர்களில் ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றி வேடம் கட்டிக்கொண்டார்கள். பேஸ் கிதார் வாசித்த ராபர்ட் ஸ்காட்டே கையால் தயாரித்த ஒரு ரசிகர் இதழை நடத்தினார். நாக்ஸ் அட்டைக்கும் விளம்பரத்துக்கும் கேலிச்சித்திரம் வரைந்தார், வீட்டுக்கு வீடு டேப் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். 1982இல் நான்கு டனீடின் பேண்டுகளை அதே மெஷினில் பதிந்து, ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு தட்டில் ‘டனீடின் டபுள்’ என்று ஷெப்பர்டு வெளியிட்டார். சில்ஸ், வெர்லைன்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ், ஸ்டோன்ஸ். அதற்குப் பிறகுதான் ‘டனீடின் சவுண்ட்’ என்ற முத்திரை பரவியது. முத்திரை குத்தப்பட்டவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஒரே மெஷினில், ஒரே அறையில் பதிந்தால் நான்கு பேரும் ஒரே மாதிரிதான் கேட்கும். அதை ஊரின் தண்ணீரில் இருக்கிற குணம் என்று எழுதினால் எரிச்சல் வராதா?

புகழின் உச்சியில், 1982இல், ‘தி க்ளீன்’ இன்னொரு தட்டைப் போட்டார்கள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: அருமையானது அருமையாய்க் கேட்கும், நல்லது நல்லதாய்க் கேட்கும், சுமார் சுமாராய்க் கேட்கும், மோசம் மோசமாய்க் கேட்கும், அழுகல் அழுகலாய்க் கேட்கும். பதிவின் தரத்தைக் குறை சொன்ன எல்லோருக்கும் பதிலைப் பெயரிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள். அந்தத் தட்டும் பட்டியலில் முன்வரிசைக்கு வந்தது. வந்த அதே ஆண்டில் பேண்டைக் கலைத்துவிட்டார்கள். பணம் வரத் தொடங்கும்போது கடையைப் பூட்டுகிற வியாபாரி உண்டா? இவர்கள் பூட்டினார்கள். ஸ்காட் ‘பேட்ஸ்’ என்ற பேண்டுக்குப் போனார், சகோதரர்கள் ‘தி கிரேட் அன்வாஷ்ட்’ என்று, அதாவது குளிக்காத கும்பல் என்று, புதுப்பெயர் வைத்துக்கொண்டார்கள். சுத்தத்தைக் கைவிட்டது அப்போதுதான் அதிகாரபூர்வமானது.

தட்டுகள் மட்டும் நிற்கவில்லை. தபாலில், பெட்டியில், கேசட் பிரதியில் கடல் தாண்டின. அமெரிக்காவில் ‘பேவ்மெண்ட்’, ‘யோ லா டெங்கோ’ போன்ற பேண்டுகள் இவர்களைத் தங்களுக்கு முன்னோடிகள் என்று சொன்னார்கள். வடகரோலினாவின் ‘சூப்பர்சங்க்’ பேண்டைச் சேர்ந்த இருவர் நடத்தும் ‘மெர்ஜ்’ என்ற லேபிள், இருபதாண்டு கழித்து ‘தி க்ளீன்’ பாட்டுகளை ஒரு தொகுப்பாகவே அமெரிக்காவில் வெளியிட்டது. ரசிகர்கள் தாங்களே கடை திறந்து, தாங்கள் ரசித்ததைத் தாங்களே விற்கிற கிறைஸ்ட்சர்ச் வழக்கம்தான் அங்கேயும். இதற்குள் அந்த மூவரும் 1988இல் லண்டனில் மறுபடி ஒன்றுகூடி, 1990இல் தங்கள் முதல் முழுநீளத் தட்டையும் போட்டுவிட்டிருந்தார்கள். பேண்ட் தொடங்கி பன்னிரண்டு வருடம் கழித்து முதல் ஆல்பம்! அவசரம் என்ற வார்த்தையே அவர்கள் அகராதியில் கிடையாது. ஹாமிஷ் 2022இல் காலமானார். ராட்டின ஆர்கன் வாசித்த மார்ட்டின் ஃபிலிப்ஸ் 2024 ஜூலையில்.

ஷெப்பர்டு கணக்கில் புலி அல்ல. கம்பெனி வளர்ந்து ஆக்லாந்துக்குப் போனது, பெரிய கம்பெனிகளின் கைக்குப் போனது, கடைசியில் 2009இல் அவரே அதைத் திரும்ப வாங்கினார். அந்த வரவுசெலவுக் கதை நீளம், எனக்கு அதில் ருசியும் இல்லை.

ஆனால் நடுவே நடந்த ஒன்றை விட முடியாது. 1987இல் நியூசிலாந்தின் கடைசி இசைத்தட்டு அச்சாலை மூடப்பட்டது. இனி ஒரு தட்டு அச்சடிக்க வேண்டுமானால் ஆஸ்திரேலியாவுக்கு நாடாவை அனுப்ப வேண்டும், நூற்றுக்கணக்கில் அடிக்க வேண்டும். இருபது முப்பது பேர் மட்டும் கேட்கிற பேண்ட் என்ன செய்யும்? கிறைஸ்ட்சர்ச்சுக்கும் டனீடினுக்கும் இடையில் ஜெரால்டைன் என்ற சிற்றூரில் பீட்டர் கிங் என்றொருவர் பழைய கடைசல் இயந்திரங்களைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வட்டில் ஒவ்வொரு தட்டாக, பாட்டு ஓடுகிற நேரம் முழுக்கப் பக்கத்தில் இருந்து, வெட்டிக்கொடுக்க ஆரம்பித்தார். அவரைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)